ஒரே வேதம், இரண்டு பேச்சு: முரண்படும் வசனங்களைப் படிப்படியாக வாசிப்பது எப்படி?

யூதாவின் அரசன் யோராம் 32 வயதில் பட்டத்துக்கு வந்து 8 வருடம் ஆண்டான் என்கிறது 2 நாளாகமம் 21:20. அப்படியானால் இறக்கும்போது அவனுக்கு வயது 40. அடுத்து அரியணை ஏறியவன் அவனுடைய மகன் அகசியா. எபிரேய மூலத்தில் 2 நாளாகமம் 22:2 அகசியாவின் வயதை 42 என்கிறது. அப்பனைவிட மகன் 2 வயது பெரியவன்! அதிலும் அவன் கடைக்குட்டி. அண்ணன்மார் எல்லாம் ஏற்கெனவே கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று முந்தைய வசனமே சொல்கிறது. இதே அகசியாவுக்கு 2 இராஜாக்கள் 8:26 கொடுக்கும் வயது 22.

இப்படி ஓரிடம் கண்ணில் பட்டதும் சிலர் "அப்போ எல்லாமே கட்டுக்கதை" என்று புத்தகத்தை மூடுகிறார்கள். சிலர் உடனே ஒரு சமாதானத்தைத் தேடி ஓடுகிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே அவசரம்: இது எந்த வகைச் சிக்கல் என்று பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். வேதங்களில் முரண்பாடாகத் தெரிபவை எல்லாம் ஒரே சாதி இல்லை. கையெழுத்துப் பிரதியில் நேர்ந்த பிழைக்கு இறையியல் விளக்கம் தேடினால் சிரிப்புக்கு இடமாகும். ஆசிரியர் தெரிந்தே மாற்றியதைப் பிரதிப்பிழை என்று தள்ளினால் அவர் சொல்ல வந்ததே போய்விடும். எனவே முதலில் வகை, பிறகு விடை. என் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பைபிளிலிருந்து வருகின்றன. குர்ஆனையும் உபநிடதங்களையும் வாசிக்கிறவர்கள் கையாண்ட கருவிகளையும் இடையிடையே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்

மனப்பாடத்தை நம்ப வேண்டாம். ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் ஒரு பகுதி, வலப்பக்கம் மற்றொன்று. ஒற்றை வசனம் போதாது. முன்னும் பின்னும் அந்த நிகழ்ச்சி தொடங்கி முடியும் வரை வேண்டும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வி: இது ஒன்றைச் சொல்லாமல் விடுகிறதா, இல்லை மறுக்கிறதா?

இயேசு உயிர்த்தெழுந்த காலையில் கல்லறைக்குப் போன பெண்கள் யார்? மத்தேயு இரண்டு மரியாள்களைச் சொல்கிறார். மாற்கு சலோமேயையும் சேர்க்கிறார். லூக்கா யோவன்னாளையும் "மற்ற பெண்களையும்" சேர்க்கிறார். யோவான் 20:1இல் மகதலேனா மரியாள் மட்டுமே கண்ணில் படுகிறார். இது முரண்பாடா? யோவான் "தனியாகப் போனாள்" என்று எங்கும் எழுதவில்லை. அடுத்த வசனத்தில் அவள் சீடர்களிடம் ஓடிவந்து பேசும்போது, இயேசுவை வைத்த இடம் "எங்களுக்கு" தெரியவில்லை என்று பன்மையில் சொல்கிறாள். உடன் வந்தவர்கள் யோவானின் மனதிலும் இருந்திருக்கிறார்கள். பெயர் சொல்ல அவருக்கு அவசியம் வரவில்லை.

அதே காலை, அதே கல்லறை, இன்னொரு இடம். பெண்கள் பயந்துபோய் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்று மாற்கு 16:8 முடிக்கிறது. திரும்பிப்போய்ப் பதினொரு சீடர்களுக்கும் மற்றவர்களுக்கும் எல்லாவற்றையும் சொன்னார்கள் என்கிறது லூக்கா 24:9. இங்கே மாற்கு விட்டுவிடவில்லை, வாய்திறந்து மறுக்கிறார். முதலாவது முடிச்சே இல்லை, இரண்டாவது முடிச்சுதான். "உயிர்த்தெழுதல் கதைகளில் இத்தனை முரண்பாடுகள்" என்று நீளப் பட்டியல் போடுகிறவர்கள் இவ்விரண்டையும் ஒரே வரிசையில் வைக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்குப் பதில் எழுதுகிறவர்களும் அப்படியே.

பொதுவாகச் சொன்னதும் குறிப்பாகச் சொன்னதும் எதிரெதிர் போலத் தெரிவதும் இந்தப் படியிலேயே பெரும்பாலும் தீரும். நோவாவின் பேழையில் ஏற்ற வேண்டிய உயிர்களில் ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி என்கிறது ஆதியாகமம் 6:19. 7:2 சுத்தமான மிருகங்களில் மட்டும் ஏழேழு என்கிறது. பொது விதி, பிறகு விலக்கு என்று வாசிக்கத் தடையில்லை. இரண்டும் வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்தவை என்பது விவிலிய ஆய்வாளர்களின் பரவலான கருத்து. அது உண்மையானாலும், இரண்டையும் சேர்த்துக் கோத்தவர் இப்படியே வாசித்திருக்கலாம்.

படி 2: பேசுவது யார்? எந்த வகை எழுத்து?

வேதத்தில் இருப்பதெல்லாம் வேதத்தின் கருத்து ஆகாது. யோபுவின் நண்பர்கள் அதிகாரம் அதிகாரமாகப் பேசுகிறார்கள். கடைசியில் 42:7இல், நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கடவுளே அவர்களிடம் சொல்லிவிடுகிறார். ஆகவே அவர்களில் ஒருவனான எலிப்பாசின் வாக்கியம் ஒன்றை எடுத்து இன்னொரு நூலோடு மோதவிடுவதில் பொருளில்லை. அதற்காக நண்பர்கள் சொன்ன எல்லாவற்றையும் குப்பையில் போடவும் முடியாது. பவுல் 1 கொரிந்தியர் 3:19இல் ஆதாரமாக எடுத்துக் காட்டுவது யோபு 5:13ஐ. அது எலிப்பாசின் பேச்சு!

இலக்கிய வகைக்கு நீதிமொழிகள் 26:4-5ஐவிட நல்ல சாட்சி கிடையாது. மூடனுக்கு அவன் போக்கிலேயே பதில் சொல்லாதே என்கிறது 4ஆம் வசனம். மூடனுக்கு அவன் போக்கிலேயே பதில் சொல் என்கிறது 5ஆம் வசனம். இடையில் ஒரு வரி கூட இல்லை. தொகுத்தவர் கண் தெரியாமலா அடுத்தடுத்து வைத்தார்? இரண்டுக்கும் காரணம் கூடவே இருக்கிறது: சொன்னால் நீயும் அவனைப் போல ஆவாய், சொல்லாவிட்டால் தன்னை ஞானி என்று அவன் நினைத்துக்கொள்வான். பழமொழி சட்டம் அல்ல. எந்த நேரத்தில் எது என்று ஆள் பார்த்து முடிவு செய்யும் வேலையை அது வாசகனிடமே விடுகிறது. இருந்தும் இந்த இரண்டு வசனங்களால் நீதிமொழிகளையே ஒதுக்கிவைக்க யூத வேத அறிஞர்களான ரபிகள் எண்ணியதாக அவர்களுடைய விவாதங்களின் தொகுப்பான தால்மூது பதிவுசெய்கிறது. அங்கே சொல்லப்படும் தீர்வு: ஒன்று வேத விஷயத்துக்கு, மற்றது உலக விஷயத்துக்கு. எனக்கு அந்தத் தீர்வைவிட, இரண்டும் அருகருகே இருக்கும் அந்த நிலையே அதிகம் சொல்வதாகப் படுகிறது.

படி 3: எப்போது, யாருக்கு?

ஒரே கட்டளை எல்லாக் காலத்துக்கும் எல்லோருக்கும் வந்ததா என்று பாருங்கள். இதில் மிக நுணுக்கமாக உழைத்தவர்கள் குர்ஆன் விரிவுரையாளர்கள். மது குறித்து மூன்று இடங்கள்: அதில் பாவமும் பயனும் உண்டு, பாவமே பெரிது (2:219), போதையில் தொழுகையை நெருங்காதீர்கள் (4:43), அதைத் தவிர்த்துவிடுங்கள் (5:90). தடை படிப்படியாக வந்தது என்று வரிசைப்படுத்தினால் சிக்கல் நிற்காது. முந்திய சட்டத்தைப் பிந்தியது மாற்றுவதற்கு நஸ்க் என்று பெயர்.

ஆனால் நஸ்க் எடுத்ததற்கெல்லாம் கைநீட்டும் கருவி இல்லை. மாற்றப்பட்ட வசனங்கள் என்று பழைய அறிஞர்கள் சிலர் மிக நீண்ட பட்டியல் வைத்திருந்தார்கள். பின்னால் வந்த அறிஞர் சுயூத்தி அதைச் சுமார் 20 ஆகக் குறைத்தார். 18ஆம் நூற்றாண்டில் டெல்லியின் ஷா வலியுல்லாஹ் 5 மட்டுமே தேறும் என்றார். இரண்டு வசனங்களும் தத்தம் இடத்தில் செல்லுபடியாகும் வழி இருந்தால் முதலில் அதைத் தேடு என்பதே அதற்குள் இருக்கும் ஒழுங்கு.

காலத்தைப் பிரித்துப் பார்ப்பதற்குப் புகாரியின் நபிமொழித் தொகுப்பில் அழகான உதாரணம் உண்டு. ஒருவர் நபித்தோழர் இப்னு அப்பாஸிடம் வந்து, குர்ஆனில் சில விஷயங்கள் தனக்கு முரணாகத் தோன்றுவதாகச் சொல்கிறார். மறுமை நாளில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ள மாட்டார்கள் என்கிறது 23:101. ஒருவரையொருவர் முன்னோக்கி விசாரித்துக்கொள்வார்கள் என்கிறது 37:27. இப்னு அப்பாஸ் கேட்டவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலாவது முதல் எக்காளம் ஊதப்படும்போது, இரண்டாவது பின்னால் ஊதப்படும் எக்காளத்தின்போது என்று பிரித்துக் காட்டுகிறார். கேள்வி கேட்பதே நம்பிக்கைக் குறைவு என்று வாயடைப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

படி 4: பிரதியைச் சோதியுங்கள்

இப்போது அகசியாவிடம் திரும்பலாம். வயது, ஆண்டு, படைக்கணக்கு என்று எண்கள் மோதினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கையால் நகல் எடுத்தவரை. சிரியாக் மொழிபெயர்ப்பிலும் கிரேக்கப் பிரதிகள் சிலவற்றிலும் 2 நாளாகமம் 22:2இல் 22 என்றே இருக்கிறது. தகப்பன் 40இல் இறந்ததால் 42 எப்படியும் நிற்காது. பல நவீன மொழிபெயர்ப்புகள் 22 என்று போட்டு, எபிரேயத்தில் 42 என்று அடிக்குறிப்பு தருகின்றன. யோயாக்கீனின் வயதும் இதே கதைதான்: 2 இராஜாக்கள் 24:8இல் 18, 2 நாளாகமம் 36:9இல் 8. அவன் "பொல்லாப்பானதைச் செய்தான்" என்று மூன்று மாத ஆட்சிக்குத் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. 8 வயதுப் பிள்ளைக்கு அது பொருந்துமா?

மொழிபெயர்ப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் படியைத் தாண்ட முடியாது. முடிச்சை மொழிபெயர்ப்பாளரே அவிழ்த்து, அடையாளம் தெரியாமல் ஆக்கியிருக்கக்கூடும். கோலியாத்தைக் கொன்றவன் தாவீது என்று 1 சாமுவேல் 17 நமக்குச் சொல்கிறது. எபிரேயத்தில் 2 சாமுவேல் 21:19 அவனைக் கொன்றவன் எல்க்கானான் என்கிறது. 1 நாளாகமம் 20:5 கோலியாத்தின் சகோதரன் லாகேமியை எல்க்கானான் கொன்றதாகச் சொல்லும். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிள் சாமுவேலிலேயே "சகோதரன்" என்ற சொல்லைச் சேர்த்துவிட்டது. மூலத்தில் இல்லாத சொல் என்று காட்டச் சாய்வெழுத்தில் அச்சிடுவது அதன் வழக்கம். ஆனால் சாய்வெழுத்தின் பொருள் எத்தனை பேருக்குத் தெரியும்? அடிக்குறிப்புள்ள பதிப்பும், குறைந்தது இரண்டு மொழிபெயர்ப்புகளும் மேசையில் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. "பிரதிப்பிழை" என்பது சான்று காட்டிச் சொல்ல வேண்டிய வார்த்தை. பழைய பிரதியோ மொழிபெயர்ப்போ வேறு மாதிரி இருக்க வேண்டும், அல்லது கணக்கே உதைக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் பிரதிமேல் பழி போடுவது சப்பைக்கட்டு.

படி 5: ஆசிரியர் எதற்காக மாற்றினார்?

நேரம் அதிகம் செலவிட வேண்டிய படி இதுவே. பரிசோதனைக்கு 2 சாமுவேல் 24, 1 நாளாகமம் 21 இரண்டையும் எடுங்கள். தாவீது மக்களைக் கணக்கெடுத்து, அதற்குத் தண்டனையாகக் கொள்ளைநோய் வந்த கதை.

சாமுவேலில், கர்த்தரின் கோபம் மூண்டு, கணக்கெடுக்கும்படி தாவீதை அவரே ஏவுகிறார். நாளாகமத்தில் ஏவுவது சாத்தான். இதைவிடப் பெரிய இடைவெளி இரண்டு எழுவாய்களுக்கு நடுவில் இருக்க முடியாது. எண்களும் ஒத்துப்போகவில்லை: சாமுவேலில் இஸ்ரவேல் 8,00,000, யூதா 5,00,000, நாளாகமத்தில் 11,00,000, 4,70,000. தேர்ந்துகொள்ள முன்வைக்கப்படும் தண்டனைகளில் ஒன்றான பஞ்சம் சாமுவேலில் 7 வருடம், நாளாகமத்தில் 3. பலிபீடம் கட்ட வாங்கிய இடத்துக்கு ஒன்றில் 50 சேக்கல் வெள்ளி, மற்றதில் 600 சேக்கல் பொன்.

இந்த நான்கையும் ஒரே விளக்கத்தால் மூடப் பார்த்தால் தோற்றுப்போவீர்கள். ஒவ்வொன்றும் வேறு வகை. பஞ்சத்தின் வருடம் படி 4ஐச் சேர்ந்தது. சாமுவேலின் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் 3தான். படைக்கணக்குக்கு ஓரளவு துப்பு உண்டு: லேவி, பென்யமீன் கோத்திரங்களைத் தளபதி யோவாப் எண்ணவில்லை என்கிறது 1 நாளாகமம் 21:6. ஆனாலும் அது எண்களைச் சரியாக நேர்செய்துவிடவில்லை. 

விலை சுவாரசியமானது. சாமுவேலில் 50 சேக்கல் என்பது போரடிக்கும் களத்துக்கும் மாடுகளுக்கும். நாளாகமம் 600 பொன்னை "அந்த நிலத்துக்கு" என்கிறது. களம் மட்டும் ஒரு விலை, சுற்றியுள்ள இடம் முழுவதும் ஒரு விலை என்று நெடுங்காலமாகச் சொல்லப்படும் சமாதானம் ஒன்று உண்டு, அப்படியும் இருக்கலாம். ஆனால் நாளாகமம் எதில் கண்ணாக இருக்கிறது என்று தொடர்ந்து வாசியுங்கள். பலியின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்குகிறது (21:26). இதுவே தேவாலயம் இருக்கும் இடம் என்று தாவீது அறிவிக்கிறார் (22:1). சாலொமோன் ஆலயம் கட்டியது இதே களத்தில் (2 நாளாகமம் 3:1). இவை மூன்றும் சாமுவேலில் கிடையாது. ஆலயம் இடிந்து, சிறையிருப்புக்குப் போய், திரும்பி வந்த மக்களுக்காக எழுதுகிறவர் நாளாகமத்தின் ஆசிரியர். அவருக்கு இது ஒரு கொள்ளைநோய்க் கதை மட்டும் இல்லை, கோயில் மண்ணின் வரலாறு.

இப்போது சாத்தான். எபிரேய வேதத்தில் சாத்தான் ஒரு பாத்திரமாக வருவதே மூன்று இடங்களில்: யோபு, சகரியா 3, இங்கே. சாமுவேல், இராஜாக்கள் நூல்கள் தீமையின் காரணத்தையும் கூச்சமின்றிக் கடவுளின் கைக்கே கொண்டுபோகும். சவுலைக் கலங்கப்பண்ணிய ஆவி கர்த்தரால் வந்தது (1 சாமுவேல் 16:14). ஆகாபின் தீர்க்கதரிசிகள் வாயில் பொய்யின் ஆவியை வைத்தவர் கர்த்தர் (1 இராஜாக்கள் 22:23). பின்னாளில் எழுதியவருக்கு அப்படிச் சொல்ல மனம் ஒப்பவில்லை. ஏவியவனை வேறாகக் காட்டுகிறார். யோபுவின் தொடக்கத்தைத் துணைக்கு அழைத்து, சாத்தான் செய்தான், கடவுள் அனுமதித்தார் என்று இணைக்கலாம். பலர் அப்படித்தான் இணைக்கிறார்கள், அதில் அர்த்தமும் உண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஒரே சமூகம் தன் கடவுளைப் பற்றி யோசித்த இரண்டு கட்டங்களையும் பூசி மெழுகாமல் ஒரே தொகுப்பில் வைத்துக்கொண்டது.

பவுலும் யாக்கோபும் மோதுவதாகச் சொல்லப்படுவதையும் இதே கண்ணால் பாருங்கள். ஆபிரகாம் விசுவாசத்தால் நீதிமானானான் என்று ரோமர் 4 காட்டுவது ஆதியாகமம் 15ஐ. கிரியைகளால் என்று யாக்கோபு 2 காட்டுவது 22ஆம் அதிகாரத்தில் ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்ததை. புறவினத்தார் விருத்தசேதனம் செய்ய வேண்டுமா என்ற சண்டைக்கு நடுவில் ஒருவர் பேசுகிறார். உடுக்கத் துணியில்லாதவனிடம் "சமாதானத்தோடே போ" என்று சொல்லி அனுப்புகிறவனை மற்றவர் கேள்வி கேட்கிறார். எதிராளி வேறு என்றால் வாதமும் வேறாகத்தான் வரும்.

படி 6: இணைக்கும் வசனம் உள்ளேயே இருக்கிறதா?

மரபுகள் இங்கே வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகின்றன. இரண்டு வசனங்கள் மோதினால் மூன்றாவது வந்து தீர்க்கும் வரை காத்திரு என்பது ரபி இஸ்மவேலின் 13 விதிகளில் கடைசி. கடவுள் மோசேயோடு கூடாரத்திலிருந்து பேசினார் என்கிறது லேவியராகமம் 1:1. உடன்படிக்கைப் பெட்டியின் மூடியாகிய கிருபாசனத்தின் மேலிருந்து பேசுவேன் என்கிறது யாத்திராகமம் 25:22. மோசே கூடாரத்துக்குள் போனபோது கிருபாசனத்தின் மேலிருந்து குரல் கேட்டது என்று எண்ணாகமம் 7:89 இரண்டையும் சேர்த்துவைக்கிறது.

உபநிடதங்களில் இராமானுசர் மரபு செய்வதும் இதுவே. ஜீவனும் பிரம்மமும் வேறு என்னும் வேத வாக்கியங்கள் பேத சுருதிகள். "அது நீயாக இருக்கிறாய்" போன்றவை அபேத சுருதிகள். இரண்டையும் பிணைப்பவை கடக சுருதிகள்: உலகமும் ஆன்மாவும் பிரம்மத்துக்கு உடல், பிரம்மம் உள்நின்று நடத்துவது என்று பேசும் பிருகதாரண்யகத்தின் அந்தர்யாமிப் பகுதி (3.7). உடலும் உயிரும் வேறு, ஆனால் ஒன்றாகச் சுட்டப்படும். வெளியிலிருந்து ஒரு தத்துவத்தை இறக்காமல், நூலுக்குள்ளிருந்தே சாவியை எடுத்தது இதன் பலம். சங்கரரும் மத்வரும் அதே வாக்கியங்களை வைத்துக்கொண்டு வேறு சாவியைத் தேர்ந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். சாவி உள்ளே இருந்தாலும் எடுக்கும் கை நம்முடையது.

இணைக்கவே தேவையில்லாத இடமும் உண்டு. அக்னிஹோத்திரம் சூரியன் உதித்தபின் செய்யலாம், உதிக்குமுன்னும் செய்யலாம் என்று சுருதிகள் இரண்டுபட்டால் இரண்டுமே தர்மம் என்று மனு ஸ்மிருதி (2:14-15) விட்டுவிடுகிறது. சடங்கு விதிகளுக்கு அந்தத் தாராளம் பொருந்தும். நடந்த நிகழ்ச்சிக்குப் பொருந்தாது. ஒருவன் 22 வயதிலும் 42 வயதிலும் ஒருசேர முடிசூட முடியாது.

படி 7: சமாதானத்துக்கு விலை என்ன?

ஒரு விளக்கம் கிடைத்துவிட்டால், அதை ஏற்க எத்தனை புதிய சங்கதிகளைக் கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். சேவல் ஒருமுறையா இருமுறையா கூவியது என்ற சிக்கலைத் தீர்க்க, இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தது ஆறு முறை என்று கணக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். நான்கு சுவிசேஷங்களும் மூன்று என்று ஒருமித்துச் சொல்கின்றன. நான்கையும் காப்பாற்றப் போய் நான்கும் சொல்லாத ஐந்தாவது சுவிசேஷத்தை எழுதிவிட்டார்கள்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் முடிவு கடினமான பாடம். மத்தேயு 27இல் அவன் வெள்ளிக்காசை ஆலயத்தில் எறிந்துவிட்டு நான்றுகொண்டு சாகிறான். நிலத்தை வாங்குவது ஆசாரியர்கள். இரத்தத்தின் விலையால் வாங்கியதால் அது இரத்தநிலம். அப்போஸ்தலர் 1இல் நிலத்தைச் சம்பாதிப்பவன் அவன். தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். அதனால் அது இரத்தநிலம். கயிறு அறுந்து விழுந்தான் என்பது பழைய இணைப்பு. லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்கத்தா அப்போஸ்தலர் 1:18இலேயே "தொங்கி" என்று எழுதிவிட்டது. அது சாவின் விதத்தை மட்டுமே தொடுகிறது. வாங்கியவர் யார்? அவன் பணம் என்பதால் அவன் வாங்கியதாகச் சொல்லப்பட்டது எனலாம். பெயர் வந்த காரணம்? அதற்கு இன்னொன்று. மூன்று தையல் போட்ட பிறகு துணியைவிடத் தையலே அதிகமாகத் தெரிகிறது. ஆரம்ப கால எழுத்தாளர் பாப்பியாஸ் யூதாஸ் உடல் வீங்கிச் செத்ததாக மூன்றாவது கதையும் சொல்லியிருக்கிறார். ஒரு துரோகியின் மரணம் பல விதமாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே எனக்கு நேர்மையாகத் தெரிகிறது.

படி 8: திறந்தே விடுங்கள், ஆனால் எழுதிவைத்து விடுங்கள்

பழைய திருச்சபை அறிஞர் அகஸ்டின், வேதத்தை லத்தீனுக்கு மொழிபெயர்த்த ஜெரோமுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், வேதத்தில் உண்மைக்கு மாறானதாக ஏதாவது பட்டால் மூன்றில் ஒன்று என்று முடிவு செய்வதாகச் சொல்கிறார்: பிரதி பிழையானது, அல்லது மொழிபெயர்த்தவர் பொருளைப் பிடிக்கவில்லை, அல்லது எனக்குப் புரியவில்லை. இரண்டு ஆசிரியர்கள் உண்மையிலேயே வேறுபட்டிருக்கலாம் என்ற நான்காவது கதவை அவர் திறக்கவில்லை. இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், மூன்றாவது சாத்தியத்தை வெட்கமில்லாமல் பயன்படுத்தலாம். தீராத இடங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வசன எண், எந்தப் படியில் நின்றது, எந்த விளக்கம் ஏன் போதவில்லை என்று மூன்றே குறிப்பு எழுதுங்கள். வேறு ஒரு நூலை வாசிக்கும்போது அந்தப் பக்கத்துக்கு வேலை வரும்.

பழகிப் பார்க்க எரிகோவின் குருடனை எடுங்கள்: மத்தேயு 20:29-34, மாற்கு 10:46-52, லூக்கா 18:35-43. மாற்கிலும் லூக்காவிலும் ஒருவன், மத்தேயுவில் இரண்டு பேர். மத்தேயுவிலும் மாற்கிலும் இயேசு ஊரைவிட்டுப் புறப்படுகிறார், லூக்காவில் ஊரை நெருங்குகிறார். இவை இரண்டு தனிச் சிக்கல்கள். சேர்த்துக் குழப்ப வேண்டாம். பழைய எரிகோ, புதிய எரிகோ என்று இரண்டு ஊர் இருந்தன என்ற விளக்கம் உங்கள் கையில் கிடைக்கும். அதை ஏழாம் படியில் நிறுத்திப் பாருங்கள். எண்ணிக்கைக்கு முடிவு எழுதும் முன் மத்தேயு 8:28ஐ மாற்கு 5:2 பக்கத்திலும், மத்தேயு 21:2ஐ மாற்கு 11:2 பக்கத்திலும் வைத்து வாசித்துவிடுங்கள். மற்றவர் ஒன்று என்கிற இடத்தில் மத்தேயு இரண்டு என்பது எரிகோவில் மட்டும் நடக்கவில்லை.